வெட்டுப் பலகை, இடியப்ப உரல், புளியங்குற்றி: சமையற்கட்டு மரத்துக்கு எந்த எண்ணெய், எப்படிப் பூசுவது?

நிலாவெளிச் சமையற்கட்டு:
விடுதிச் சமையலறைக்கு 14 வெட்டுப் பலகை செய்யக் கொடுத்திருக்கு. எட்டு வேம்பு, நாலு முதிரை, இரண்டு பலா. அளவு 45 × 30 சென்ரிமீற்றர், தடிப்பு 3. இதைவிட மீன் வெட்ட ஒரு புளியங்குற்றி, இடியப்ப உரல் மூன்று, சிரட்டை அகப்பை கொஞ்சம். வார்னிஷ், சீலர் ஒன்றும் வேண்டாம். சாப்பாடு படுகிற சாமான் என்றபடியால் சாப்பிடக்கூடிய எண்ணெய் மட்டும்தான் பூசுவது என்று முடிவு. ஆனால் எந்த எண்ணெய்? தேங்காயெண்ணெய் காணும் என்று ஒருவர், ஆளிவிதை எண்ணெய் என்று இன்னொருவர், பாமசியில் விற்கிற லிக்குவிட் பரபின் என்று மூன்றாமவர். ஆவணி நடுவில் பலகை கைக்கு வரும். மாரி தொடங்க முதல் பாவனைக்கு எடுக்க வேண்டும். விபரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கோ.

பாலையூற்றுப் பட்டறை:
மரத்துக்குப் பூசுகிற எண்ணெய் இரண்டு சாதி. ஒன்று காற்றிலிருக்கிற ஒட்சிசனை இழுத்து, மரத்தின் துவாரத்துக்குள்ளேயே இறுகிப்போகும். ஆளிவிதை, தங் (சீனத்து மரமொன்றின் விதையில் எடுப்பது), வால்நட் எண்ணெய்கள் அப்படி. மற்றது எத்தனை மாதம் போனாலும் எண்ணெயாகவே கிடக்கும். தேங்காயெண்ணெயும் லிக்குவிட் பரபினும் அந்தச் சாதி. இறுகுகிற எண்ணெய் கழுவினாலும் லேசில் போகாது, ஆனால் பூசி முடித்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இறுகாத எண்ணெயைப் பூசின அன்றே பலகையைப் பாவிக்கலாம், ஆனால் சவர்க்காரம் படப்பட வெளியேறும். திரும்பத் திரும்பப் பூசினால்தான் பாதுகாப்பு.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நல்லெண்ணெய், சூரியகாந்தி, சோயா எண்ணெய்தான் பெரிய கரைச்சல். அரைகுறையாக இறுகிப் பசையாகும். பலகையில் பெருவிரலை அழுத்தி எடுத்தால் ரேகை அப்படியே பதிந்து நிற்கும், அதில் தூசியும் மாவும் ஒட்டிக் கறுக்கும். சமையற்கட்டில் கைக்கெட்டுகிற போத்தல் என்பதால் எல்லாரும் முதலில் எடுப்பதும் அதைத்தான்.

விடுதி என்றால் ஒரு பலகையை நாளுக்குப் பலமுறை கழுவுவார்கள். ஆகவே பலகைகளுக்கு என் பரிந்துரை ஆளிவிதை எண்ணெய், மூன்று பூச்சு, நன்றாக இறுகின பிறகு மேலே கொஞ்சம் தேன்மெழுகு. இடியப்ப உரலின் உட்பக்கம், அகப்பை, புளியங்குற்றி மூன்றும் வேறு கதை, பிறகு வருவோம்.

வாங்கும்போது கவனம். ஹாட்வெயார் கடையில் தகரப்பேணியில் வருகிற பொயில்ட் லின்சீட் ஒயில் வேண்டாம். கெதியாகக் காய வேண்டும் என்று கோபால்ட், மங்கனீசு போன்ற உலோக உப்புகள் அதில் கலந்திருக்கும். கதவுக்கும் கதிரைக்கும் அது நல்லது. வெட்டுப் பலகைக்குச் சாப்பாட்டுக்கென்று விற்கிற, குளிர்முறையில் பிழிந்த ஆளிவிதை எண்ணெய்தான். லேபிளைத் திருப்பிப் பாருங்கோ: எண்ணெயைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. விற்றமின் ஈ, ரோஸ்மேரிச் சாறு சேர்த்தது என்றால் வைத்துவிட்டு வாங்கோ. எண்ணெய் பழுதாகாமல் இருக்கத்தான் அதைச் சேர்ப்பது. ஒட்சிசன் சேர்வதை அது தடுக்கும், நமக்கோ ஒட்சிசன் சேர்ந்தால்தான் எண்ணெய் இறுகும்.

அளவு: உங்கள் பலகை ஒன்றுக்கு இரு முகமும் விளிம்பும் சேர்த்து ஏறக்குறைய 0.3 சதுர மீற்றர். வேம்பு முதல் பூச்சில் 25 மில்லிலீற்றர் குடிக்கும், அடுத்ததில் 10, மூன்றாவதில் 6, 7. முதிரைக்கு அதில் பாதி. 14 பலகைக்கும் அரை லீற்றர் சரிவரும், கையிருப்போடு 750 மில்லிலீற்றர் வாங்கினால் நிம்மதி.

எண்ணெய்க் கணக்கு:
பட்டறை அண்ணன் சொன்னதுக்கு எண்களைச் சேர்க்கிறேன். எண்ணெய் இறுகுமா என்று பார்க்க அயோடின் எண் என்று ஒரு அளவு இருக்கு. எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருக்கென்று அது காட்டும். ஒட்சிசன் வந்து பிடிப்பதும் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோர்ப்பதும் அந்த இடங்களில்தான். ஆளிவிதை 170 முதல் 200. தங் 160 முதல் 175. வால்நட் 130க்கு மேல். சூரியகாந்தி 118 முதல் 141. நல்லெண்ணெய் 104 முதல் 120. ஒலிவ் 75 முதல் 94. இலுப்பெண்ணெய் 60ஐ ஒட்டி. தேங்காயெண்ணெய் 6 முதல் 11 மட்டும்.

130க்கு மேலே போனால் இறுகும் சாதி என்று பொதுவாக எடுக்கலாம். 100க்கும் 130க்கும் இடைப்பட்டவைதான் ஒட்டுகிற சாதி. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதது. அதனால் அது இறுகவும் மாட்டாது, மற்ற எண்ணெய் போல ஒட்சிசன் பட்டுக் கெதியாகக் காறவும் மாட்டாது. ஆனால் அதுக்கு எதிரி தண்ணீர். ஈரமும் பூஞ்சணமும் சேர்ந்தால் கொழுப்பு உடைந்து லோரிக் அமிலம் பிரியும், பலகை சவர்க்காரம் போல மணக்கும். மாரியில் தேங்காயெண்ணெய்ப் பலகை மணப்பது இதனால்தான்.

தங் எண்ணெய் அயோடின் எண்ணில் ஆளிவிதையைவிடக் குறைவு, ஆனால் அதன் இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அதனால் ஆளிவிதையைவிட நெருக்கமாகக் கோர்த்து, தண்ணீரை இன்னும் நன்றாகத் தடுக்கும். தடிப்பாகப் பூசினால் சுருங்கி வெள்ளை படரும். சுத்தமான தங் கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் தங் ஒயில் பினிஷ் என்று விற்பதில் பல, வார்னிஷும் தின்னரும் கலந்தவை.

விடுதிக்கு இன்னொன்று. வால்நட் எண்ணெய் பூசாதேங்கோ. வருகிற விருந்தாளிகளில் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். எண்ணெய் இறுகிவிட்டால் ஆபத்தில்லை என்று வாதிடலாம், ஆனால் இத்தனை பேர் சாப்பிடும் இடத்தில் அந்த வாதத்தை நம்பி இறங்கத் தேவையில்லை.

கிண்ணியா மரக்கடை:
எண்ணெய் கதைக்க முதல் மரத்தைப் பார்க்க வேணும் தம்பி. பலகை எவ்வளவு காய்ந்திருக்கு? இப்ப கச்சான் காத்து, வரண்ட தென்மேற்குக் காத்து. பச்சை மரத்தைக் கச்சானில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் நிற்கும். அதுக்கு மேல் எண்ணெய் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்காது, ஈரமும் ஒழுங்காக வெளியேறாது, நுனியில் வெடிப்பு வரும். ஈரலிப்பு மீற்றர் இல்லாவிட்டால் சமையல் தராசு காணும். ஒரு பலகையை நிறுத்து, முதுகில் பென்சிலால் எழுதி வையுங்கோ. மூன்று நாளுக்கு ஒருக்கா நிறுங்கோ. அடுத்தடுத்து இரண்டு முறை நிறை மாறாமல் நின்றால் நம்ம ஊர்க் காத்துக்கு மரம் ஒத்து வந்துவிட்டது, எண்ணெயை எடுக்கலாம். ஈரலிப்பு 12 முதல் 15 வீதத்துக்குள் நிற்கும்.

மர விஷயம்: வேம்பு நல்லது, முதல் கொஞ்ச நாள் லேசாகக் கைக்கும், இரண்டு மூன்று கழுவலில் போகும். பலா மஞ்சள் விடும். பிக்குமாரின் காவிக்குச் சாயம் எடுத்த அதே மஞ்சள்தான். முதல் பூச்சைத் துடைக்கிற துணி மஞ்சளாக வந்தால் பயப்படத் தேவையில்லை. முதிரை இழைப்பு அழகு, ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் சொறியும் தடிப்பும் கொண்டுவரும். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். என்னைக் கேட்டால் அந்த நாலு முதிரையையும் பாண் வைக்க, பழம் பரிமாறத் தள்ளிவைத்து, கத்தி போடுகிற பலகைக்குச் சவண்டலை எடுத்திருக்கலாம். அந்தக் காலத்து மர வியாபாரத்தில் திருகோணமலை மரம் என்றே அதுக்குப் பெயர். சாராயப் பீப்பாய்க்கு அதைத்தான் எடுத்தார்கள். ஈரத்தில் நின்று பழகின மரம்.

நிலாவெளிச் சமையற்கட்டு:
நன்றி நானா. முதிரையைப் பரிமாறும் பலகையாக மாற்றுகிறோம். இனிப் பூசும் முறையை முதலிலிருந்து சொல்லுங்கோ அண்ணன். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முதல் முடியுமா?

பாலையூற்றுப் பட்டறை:
முடியும், ஆனால் தவணை இறுக்கம். மூன்று பூச்சு, இடையில் ஐந்தைந்து நாள், பிறகு 30 நாள் ஓய்வு. ஆறு கிழமை எடுக்கும். ஆவணி நடுவில் தொடங்கினால் புரட்டாதி கடைசியில் கையில் இருக்கும்.

சாண்ட் பேப்பர் 100இல் தொடங்கி 150, பிறகு 220. அதோடு நிற்பாட்டுங்கோ. 400, 600 என்று போனால் மரம் கண்ணாடி போல மினுங்கும், துவாரம் அடைபட்டு எண்ணெய் குடிக்காது. நாலு விளிம்பையும் 3 மில்லிமீற்றர் அளவுக்கு உருட்டி எடுங்கோ. கூரான விளிம்பில் எண்ணெய் தங்காது, தேய்ந்து முதலில் வெளிறுவது அங்கேதான்.

அடுத்தது பலர் விட்டுவிடுகிற வேலை. ஈரத்துணியால் பலகை முழுவதையும் நனைத்து ஒரு இரவு காய விடுங்கோ. காலையில் தடவினால் தாடி முளைத்ததுபோலச் சொரசொரக்கும். நார் எழும்பியிருக்கு. 220 தாளால் கையழுத்தமே இல்லாமல் ஒருக்காத் தடவி எடுங்கோ. இதை இப்போது செய்யாவிட்டால் முதல் கழுவலில் நார் எழும்பும், மூன்று பூச்சும் வீண்.

எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்ச நேரம் வையுங்கோ. கைபொறுக்கிற சூடு போதும். இளகின எண்ணெய் ஆழமாக இறங்கும். அடுப்பில் நேரே வைத்துக் காய்ச்ச வேண்டாம். முதலில் இரண்டு நுனி வெட்டையும், அதாவது நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனைகளை, பூசுங்கோ. மரம் தண்ணீர் இழுப்பதும் வெடிப்பதும் நுனி வழியாகத்தான், முகத்தைவிடப் பல மடங்கு வேகம். குடிக்கக் குடிக்க ஊற்றி, இனி இழுக்காது என்று வரும்வரை பூசுங்கோ. பிறகு இரு முகமும். ஒரு முகத்துக்கு மட்டும் பூசி மற்றதை விட்டால், பூசாத பக்கம் ஈரம் ஏறி இறங்க, பலகை ஓடு போல வளையும்.

வேம்பு, பலாவுக்கு 30 நிமிடம், முதிரைக்கு 15. அதுக்குப் பிறகு பழைய பருத்திச் சீலையால் மேலே கிடக்கிற எண்ணெயை ஒரு சொட்டு இல்லாமல் துடைத்து எடுக்க வேண்டும். பலகை காய்ந்ததுபோல மங்கலாகத் தெரிய வேணும், ஈரமாக மினுங்கக் கூடாது. ஒட்டுகிறது என்று வருகிற முறைப்பாட்டில் அநேகமானது இந்தத் துடைப்பில் சோம்பல்பட்டதால்தான். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கோ. துவாரத்திலிருந்து குண்டூசித் தலை அளவு எண்ணெய்ப் பொட்டுகள் எழும்பியிருக்கும். துடையுங்கோ. படுக்க முதல் இன்னொருக்கா.

இரண்டு சலாகையின் மேல் நிறுத்தி, காற்றும் வெளிச்சமும் வருகிற அறையில் விடுங்கோ. நேர் வெயில் வேண்டாம், சூட்டில் எண்ணெய் திரும்ப வெளியே வரும். ஐந்தாம் நாள் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கோ. மஞ்சள் பிடித்தால் இன்னும் இரண்டு நாள். பிடிக்காவிட்டால் அடுத்த பூச்சு, முதலாவதைவிட மெல்லியதாக, பத்து நிமிடத்தில் துடைப்பு. மாரியில் செய்வதென்றால் ஐந்து நாள் பத்தாகும்.

மூன்றாம் பூச்சுக்குப் பிறகு 30 நாள். மூக்கை ஒட்டி வைத்து மணந்து பாருங்கோ. பெயின்ற் மணம் லேசாகக்கூட இல்லையென்றால் இறுகியது. பிறகு சோதனை: ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கோ. முத்துப்போல உருண்டு நிற்க வேணும். பத்து நிமிடத்தில் துடைத்தால் கீழே கருவளையம் இருக்கக் கூடாது. நடுவில் ஒன்று, நுனியை ஒட்டி ஒன்று என்று இரண்டு இடத்தில் பாருங்கோ. நுனியில் வளையம் வந்தால் அந்த நுனிக்கு மட்டும் இன்னொரு பூச்சு.

எண்ணெய்க் கணக்கு:
இதைப் படிக்காமல் ஒருவரும் ஆளிவிதை எண்ணெயைத் தொட வேண்டாம்: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பை வாளிக்குள் போடக் கூடாது.

இறுகும்போது எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும். பலகையில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கிப் போட்ட துணிக்குள் போக வழியில்லை. சூடு ஏற ஏற இறுகும் வேகம் ஏறும், வேகம் ஏறச் சூடு இன்னும் ஏறும், நெருப்புக்குச்சி இல்லாமலே சில மணித்தியாலத்தில் பற்றும். 1991 பெப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டிடமொன்று எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தது, 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற லின்சீட் எண்ணெய்த் துணியால்தான். கச்சான் அடிக்கிற நாளில் நம்மூர்த் தகரக் கொட்டிலுக்குள் எவ்வளவு சூடென்று உங்களுக்குத் தெரியும்.

துணியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், வெளியே கொடியில் போடுங்கோ. இரண்டு மூன்று நாளில் மட்டை போல விறைத்துவிடும், அதுக்குப் பிறகு குப்பையில் போடலாம். அல்லது மூடியுள்ள தகரப்பேணியில் தண்ணீர் ஊற்றி அதுக்குள் அமிழ்த்துங்கோ. தேங்காயெண்ணெய்த் துணிக்கு இந்தப் பயம் இல்லை. தங், வால்நட் இரண்டுக்கும் உண்டு.

உப்புவெளி அகப்பை:
எல்லாவற்றுக்கும் ஆளிவிதை என்று போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே விளைகிற எண்ணெயை விட்டு இறக்குமதிப் போத்தலுக்குக் காசு கட்ட வேண்டுமா? மத்து, அகப்பை, துருவலைப் பலகை எல்லாம் தேங்காயெண்ணெயிலேதான் இருந்து வந்தது. சரியான எண்ணெயைச் சரியாகப் பூசினால் மணக்காது. கொப்பறாவில் ஆட்டி வடிக்காமல் விற்கிறதில் ஈரமும் அமிலமும் கூடுதல், அதுதான் கெதியில் மணக்கும். தேங்காய்ப்பாலில் எடுத்த தெளிந்த எண்ணெய் அல்லது சுத்திகரித்தது எடுத்தால் நிற்கும்.

சிரட்டை அகப்பைக்கு முறை: சிரட்டையின் வெளித்தும்பை உளியால் சுரண்டி, 120, 220, 400 என்று போய், 600இல் முடியுங்கோ. சிரட்டை மரம்போல எண்ணெய் குடிக்காது, ஆகவே மினுக்கம் எண்ணெயால் வருவதில்லை, தேய்ப்பால்தான். உள்ளங்கையில் ஐந்தாறு சொட்டு எடுத்துச் சூடேறத் தேயுங்கோ, அரை மணித்தியாலத்தில் துடையுங்கோ. முடிந்தது. அன்றே குழம்புக்குள் போடலாம். பாவிக்கப் பாவிக்கக் கறியிலிருக்கிற தேங்காயெண்ணெயே அதைப் பார்த்துக்கொள்ளும். கைபிடி கமுகஞ்சலாகை என்றால் பிடியும் சிரட்டையும் சேரும் ஓட்டைக்குள் கூடுதலாக ஊறவிடுங்கோ. தண்ணீர் புகுந்து அழுகுவது அந்த இடத்தில்தான்.

பாலையூற்றுப் பட்டறை:
அகப்பைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி அக்கா. அங்கே ஆளிவிதை தேவையே இல்லை. வீட்டுப் பலகைக்கும் தேங்காயெண்ணெய் காணும், கிழமைக்கு ஒருக்காப் பூச ஆள் இருந்தால். விடுதியில் அதை யார் செய்வது? வேலையாள் மாறிக்கொண்டிருப்பார், பலகை வெளிறி வெடித்த பிறகுதான் நினைவு வரும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஆளிவிதை.

லிக்குவிட் பரபின் கேட்டீர்கள். மணக்காது, ருசியில்லை, காறாது, பாமசியில் மருந்துத் தரத்தில் கிடைக்கும். பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கல்லெண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது. விதையிலோ காயிலோ வந்த எண்ணெய்தான் வேணும் என்றால் அது சேராது. தேங்காயெண்ணெயைப் போலவே கழுவலில் போகவும் போகும்.

நிலாவெளிச் சமையற்கட்டு:
வேப்பெண்ணெய், புன்னை எண்ணெய்? பூச்சி அரிக்காதாம் என்கிறார்கள்.

கிண்ணியா மரக்கடை:
சாப்பாடு படுகிற சாமானுக்கு இரண்டும் வேண்டாம். வேப்பெண்ணெய் உள்ளே போனால் சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு, மணமும் லேசில் போகாது. புன்னை எண்ணெய் வள்ளத்துக்கும் விளக்குக்கும். கஜுக்கோது எண்ணெய் யாராவது தந்தால் கையாலும் தொடாதேங்கோ, தோல் கொப்பளிக்கும். வேலிக் கம்பத்துக்கு இதையெல்லாம் யோசிக்கலாம்.

புளியங்குற்றிக்கு நான் சொல்கிறேன். குற்றியின் வெட்டு முகம்தான் மேலே வரும், அதாவது முழுக்க நுனி மரம். கத்தி விழும்போது நார் விலகித் திரும்ப மூடும், அதனால்தான் இறைச்சிக்கடையெல்லாம் புளி. ஆனால் வட்டக் குற்றி காயும்போது நடுவிலிருந்து வெளியே ஆரம்போல வெடிக்கும். மரம் அறுத்த அன்றே இரு முகத்துக்கும் உருக்கின தேன்மெழுகு தடவி, பட்டையை உரிக்காமல், நிழலில், நிலத்தில் படாமல் வைக்க வேணும். மெதுவாகக் காய்ந்தால் வெடிப்பு மயிரிழையோடு நிற்கும். பாவனைக்கு எடுக்கும்போது மெழுகைச் சுரண்டி, முகத்தைச் சீவி, தேங்காயெண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றுங்கோ. முதல் நாள் 150, 200 மில்லிலீற்றர்கூடக் குடிக்கும். மூன்று நாள் தொடர்ந்து ஊற்றி, இழுக்காததைத் துடையுங்கோ. மீன் வெட்டி முடிய ஒவ்வொரு நாளும் கத்தி முதுகால் மேற்பரப்பைச் சுரண்டி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேணும். வெடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போனால் மீன் கழிவு உள்ளே நிற்கும், எந்த எண்ணெயும் உதவாது. மரத்தூள் நிரப்பிச் சமாளிக்க வேண்டாம், குற்றியை மாற்றுங்கோ.

உப்புவெளி அகப்பை:
இடியப்ப உரல்: வெளிப்பக்கமும் கைபிடியும் பலகை போலவே ஆளிவிதை பூசலாம். உட்குழாயும் அழுத்துகிற கட்டையும் வேண்டாம். சுடுமா உரசி உரசி எந்தப் பூச்சையும் தேய்த்து எடுத்துவிடும். மா போட முதல் குழாய்க்குள் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவுங்கோ. கழுவிக் காய்ந்த பிறகு இன்னொருக்கா. கட்டை இறுகிச் சிக்குதென்றால் எண்ணெய் போதாததால் இல்லை, தண்ணீரில் ஊறி மரம் பெருத்திருக்கு. ஒரு நாள் நிழலில் காய விட்டால் சுருங்கும். உடனே சாண்ட் பேப்பர் எடுத்துத் தேய்த்தால், கோடையில் ஆடும் உரல்தான் மிஞ்சும்.

சாம்பல்தீவு:
இடையில் ஒரு கேள்வி. நல்லெண்ணெய் பூசின பலகை ஏற்கெனவே பிசுபிசுக்குது, மணமும் இருக்கு. காப்பாற்ற வழி உண்டா?

பாலையூற்றுப் பட்டறை:
உண்டு. மேலே இன்னொரு எண்ணெய் மட்டும் பூசிவிடாதேங்கோ. முதலில் சுரண்டுதகடு அல்லது பழைய கத்தியின் முதுகைச் செங்குத்தாகப் பிடித்துப் பசையைச் சுரண்டுங்கோ. சாண்ட் பேப்பரை இப்போது எடுத்தால் அஞ்சாம் இழுப்பில் தாள் அடைத்துவிடும். பிறகு அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துத் தடவி, 20 நிமிடம் விட்டு, தென்னந்தும்பால் தேய்த்து, சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவுங்கோ. மணம் நின்றால் உப்பும் பாதித் தேசிக்காயும் வைத்து ஒருக்கா. இரு பக்கமும் ஒரே நேரத்தில் கழுவ வேணும், இல்லாவிட்டால் வளையும். நிழலில் மூன்று நாள். பிறகு 120, 220, மேலே சொன்ன மாதிரி முதலிலிருந்து. நாலைந்து மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஊறிக் காறியிருந்தால் சீவுளிதான் வழி.

நிலாவெளிச் சமையற்கட்டு:
தேன்மெழுகு விகிதம்? இன்னொன்று, கரும்புள்ளி வந்தால் என்ன செய்வது?

எண்ணெய்க் கணக்கு:
புத்தகங்களில் நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு என்றிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம்ம வெயிலுக்கு மூன்றுக்கு ஒன்று: 180 கிராம் தேங்காயெண்ணெய்க்கு 60 கிராம் தேன்மெழுகு. மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகையில். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கோ. மெழுகு இளகின பிறகு எண்ணெயை ஊற்றிக் கலக்கி, தட்டையான தகரப்பேணியில் ஆறவிடுங்கோ. ஆளிவிதை எண்ணெயில் இதைச் செய்தால் பேணிக்குள்ளேயே தோல் பிடிக்கும், ஆகவே தேங்காயெண்ணெய்தான் வசதி. இறுகின ஆளிவிதைப் பூச்சுக்கு மேல் இது ஒன்றும் செய்யாது.

தேன் எடுப்பவர்களிடம் அடை வாங்கினால் தண்ணீரில் போட்டு உருக்கி, துணியில் வடித்து ஆறவிடுங்கோ. மெழுகு மேலே தட்டாக உறையும், அடியில் பிடித்த கறுப்பைச் சுரண்டி எறியுங்கோ. தேன் மிச்சம் நின்றால் பலகையில் எறும்பு மொய்க்கும். பூசும்போது நகத்தளவு எடுத்து மெல்லத் தேய்த்து, 20 நிமிடத்தில் உலர்துணியால் மினுக்குங்கோ. சூடான சட்டியை மேலே வைத்தால் மெழுகு இளகி வெள்ளை வட்டம் விழும், ஆகவே பலகையைச் சட்டி வைக்கிற தாங்கி ஆக்க வேண்டாம் என்று சமையல்காரருக்குச் சொல்லி வையுங்கோ.

கரும்புள்ளி இரண்டு வகை. சாம்பல் கலந்து, தொட்டால் தூள்போல வந்தால் பூஞ்சணம். இறுகாத ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு, அதனால்தான் மாரிக்கு முதல் முழுக்க இறுக வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். கழுவிக் காயவைத்து, 220 தாளால் எடுத்து, மெல்லிய பூச்சு ஒன்று. மற்றது நீலமும் கறுப்புமாக, வட்டமாகவோ கத்தி வடிவிலோ இருந்தால் இரும்புக் கறை. ஈர மரத்தில் இரும்பு கிடந்தால் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போலாகும். தேசிக்காய்ச் சாறு விட்டுப் பத்து நிமிடத்தில் கழுவினால் வெளிறும். ஒட்சாலிக் அமிலம் இன்னும் வெளுக்கும், ஆனால் அது நஞ்சு, சாப்பாட்டுப் பலகைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கிண்ணியா மரக்கடை:
பராமரிப்பு: கழுவினவுடன் துடைத்து நிறுத்தி வையுங்கோ, தட்டையாகப் படுக்கப் போட்டால் அடிப்பக்கம் காயாது. தொட்டிக்குள் ஊறப்போடக் கூடாது. கழுவினதும் விறாந்தைக்குக் கொண்டுபோய்க் கச்சானில் காயவிடவும் கூடாது, ஒரு மதியத்திலேயே நுனி பிளக்கும். மெழுகு மாதத்துக்கு ஒருக்கா. ஆளிவிதைப் பூச்சு வருசத்துக்கு ஒருக்கா, ஆடி ஆவணியில், மாரிக்கு முதல். கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து படிவதால் திறந்த சமையலறையில் பலகை எப்போதும் கொஞ்சம் ஈரம் இழுக்கும். அங்கே வருசத்துக்கு இரண்டு முறை.

நிலாவெளிச் சமையற்கட்டு:
மிச்ச எண்ணெயை அடுத்த ஆடிவரை வைக்கலாமா?

பாலையூற்றுப் பட்டறை:
வைக்கலாம். போத்தலுக்குள் காற்று நின்றால் மேலே தோல் பிடிக்கும். சின்னக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கோ, அல்லது கழுவிக் காயவைத்த மாபிள் குண்டுகளைப் போட்டு எண்ணெயைக் கழுத்துவரை ஏற்றி மூடுங்கோ. வெளிச்சம் படாத இடம், குளிர்சாதனப் பெட்டி இன்னும் நல்லது. எடுக்கும்போது மெல்லிய தோல் இருந்தால் துணியில் வடித்துப் பாவிக்கலாம். தேன்போலத் தடித்திருந்தால் பலகைக்கு எடுக்க வேண்டாம், உள்ளே இறங்காது. வாளிக் கைபிடிக்கோ கத்திப் பிடிக்கோ பூசி முடித்துவிடுங்கோ.